கருப்பு யார் என்ற வழக்கு

சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1-ஆம் தேதி. மல்லசமுத்திரத்துக்காரர்களுக்கு அதில் உடனே தெரிந்த மாற்றம் ஒன்றுதான்: கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறவர்கள் இனி சேலம் பஸ்ஸை விட்டு நாமக்கல் பஸ் ஏற வேண்டும். மற்றபடி பருத்தி மூட்டைகள் ஏலத்துக்கு வந்தன, தறிகள் ஓடின, காளிப்பட்டி கந்தசாமி கோயிலுக்குத் தைப்பூசக் கூட்டம் போனது. ஆனால் அதே காலத்தையொட்டி, எந்த மாவட்டக் கோர்ட்டுக்கும் போகாத ஒரு வழக்கு தமிழ்நாட்டின் திண்ணைகளுக்கு வந்து சேர்ந்தது. குற்றம் செய்தவனைக் குதிரையில் வந்து தண்டிக்கும் கருப்பு யார்? சாமியா, ஆசாமியா? ஆசாமி என்றால், அது யார்?

சன் தொலைக்காட்சியில் வாரம் ஒரு முறை வந்த ‘மர்மதேசம்’ வரிசையின் ‘விடாது கருப்பு’ கிளப்பிவிட்ட கேள்வி அது. கதை இந்திரா சௌந்தர்ராஜனுடையது. ‘விட்டு விடு கருப்பா’ என்ற பெயரில் நாவலாக வந்தது. இயக்கம் நாகா. தயாரிப்பு கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள். எழுத்தாளரை மதுரைக்காரராகவே பலரும் அறிவார்கள். அவர் 1958-ல் பிறந்தது சேலத்தில். ஓர் இரவு கதை பாதியில் நிற்கும். அடுத்த பாதி வர ஏழு நாள் ஆகும். அந்த ஏழு நாளும் டீக்கடையிலும் தறிப்பட்டறையிலும் பஸ் நிறுத்தத்திலும் விசாரணை நடக்கும். சாட்சிகள் ஆளாளுக்கு வேறு மாதிரி சொல்வார்கள். தீர்ப்பு மட்டும் வராது.

இப்படி ஒரு கதையின் ஒரு துண்டைப் பிரித்துப் போட்டு ஊர் கூடித் தீர்ப்புச் சொல்வது டிவி கொண்டுவந்த பழக்கம் என்று தோன்றலாம். சேலம், நாமக்கல் சமவெளியில் அது டிவியைவிட மிகப் பழையது. அதற்குக் கூத்து என்று பெயர்.

மாரியம்மன் நோம்பி, திரௌபதி அம்மன் திருவிழா, கருப்பனாருக்குப் பொங்கல் என்று ஏதோ ஒரு காரணம் கிடைத்தால் இந்த வட்டாரத்தில் கூத்து வைப்பார்கள். ஊர் சாப்பிட்டு முடித்த பிறகு ஆரம்பித்தால் விடியும்வரை நடக்கும். மிருதங்கம், முகவீணை, ஹார்மோனியம், ஜால்ரா. இரண்டு பேர் பிடித்த துணிக்குப் பின்னால் நின்று வேஷக்காரர் பாடியபடி தலையை மட்டும் காட்டுவார். துணி விலகும்போது கிரீடமும் புஜக்கட்டைகளுமாக ராஜா முழுசாக வந்து நிற்பார். கர்ண மோட்சம், அபிமன்யு வதம், கீசக வதம், அர்ஜுனன் தபசு, அரவான் களப்பலி, இரணியன், பதினெட்டாம் போர் என்று கதைகளின் பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். மழை இல்லாத வருஷம் விராட பருவத்தைப் படிக்கவும் ஆடவும் செய்வது தமிழ்நாட்டின் பல பகுதிகளில் பழைய வழக்கம்.

கூத்துப் பார்க்க வருகிறவர் யாருக்கும் ‘அடுத்து என்ன’ என்ற கேள்வி கிடையாது. கர்ணன் சாவான் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். கேள்வியே வேறு. பொன்னுருவியாக வந்தவர் அழுதபோது நமக்குத் தொண்டை அடைத்ததா? துரியோதனன் கிறுகிறுவென்று சுற்றி நின்றபோது கால் நிலைத்ததா? இரணியன் தூணை உதைக்கும் உதையில் பந்தல் அதிர்ந்ததா? விருத்தத்தைப் பாதியில் விழுங்கினாரா? இந்த விமரிசனத்துக்கு எழுத்து தேவையில்லை. பிடித்துப்போனால் ஒருவர் எழுந்துபோய் வேஷக்காரரின் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டு வருவார். மைக்கில் பேரும் ஊரும் சொல்லி அன்பளிப்பு அறிவிக்கப்படும். பிடிக்காவிட்டால் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார். சில கதைகளில் முக்கியமான கட்டத்துக்கு எழுப்பிவிடச் சொல்லிவிட்டே தூங்குகிறவர்களும் உண்டு. எந்தக் கட்டம் தூக்கத்தை விட்டு எழத் தகுந்தது என்று தெரிந்து வைத்திருப்பதும் ரசனைதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானவர் கட்டியக்காரன். ராஜா மேடைக்கு வந்ததும் அவரிடமே ‘நீ யாரப்பா, எந்த ஊரு’ என்கிற தோரணையில் விசாரிக்கும் உரிமை அவருக்கு மட்டும் உண்டு. துரியோதனனின் காவலாளியும் அவர்தான், துரியோதனனைக் கிண்டல் செய்பவரும் அவர்தான். அஸ்தினாபுரத்துச் சபைக்கு நடுவே ரேஷன் அரிசியையும் உள்ளாட்சித் தேர்தலையும் இழுத்து வந்துவிட்டு, மறுகணம் கதைக்குள் நழுவிவிடுவார். அதாவது, பார்வையாளர் மனசுக்குள் முணுமுணுப்பதைச் சத்தமாகச் சொல்ல நாடகத்துக்குள்ளேயே ஓர் ஆள் நியமிக்கப்பட்டிருக்கிறார். வேறெந்த நாடக வடிவத்திலும் விமரிசகருக்கு இவ்வளவு நல்ல இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை. சம்பளமும் உண்டு, வேஷமும் உண்டு, அடிவாங்கும் காட்சியும் உண்டு.

ஆனால் அவரும் அடங்கும் கட்டங்கள் இருக்கின்றன. திரௌபதியின் துகிலை உரியும் காட்சியில் பல ஊர்களில் கற்பூரம் கொளுத்துவார்கள். துச்சாதனன் வேஷம் கட்டியவர் முதலில் திரௌபதியைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டே கையை நீட்டுவதும் உண்டு. கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதையில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொன்னர், சங்கர் மாண்டுபோகும் படுகளத்தை உடுக்கடித்துப் பாடும்போது கேட்பவர்களில் சிலர் அருள்வந்து பிணம்போல் விழுவார்கள். அவர்களை எழுப்புவதும் கதையின் பகுதிதான். கனடிய மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965-ல் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் இந்தக் கதையைப் பல இரவுகள் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்தார். பிற்காலத்தில் அதையே 26 பகுதிகள் கொண்ட அனிமேஷன் தொடராகவும் எடுத்தார். உடுக்கையிலிருந்து எபிசோடுக்கு இவ்வளவு நேர்வழியில் வந்த கதைகள் அதிகம் இல்லை.

ரேடியோவும் சினிமாவும் நடுவில் வந்தன. பஞ்சாயத்து ரேடியோவின் குழாய் ஸ்பீக்கரில் ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் கேட்ட தலைமுறை படத்தைப் பார்க்காமலே வசனத்தை விமரிசித்தது. சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் படம் படமாக எடுத்துத் தள்ளியது. திருச்செங்கோட்டின் தியேட்டர் உலகம் எப்படி இருந்தது என்பதற்குப் பெருமாள்முருகனின் ‘நிழல் முற்றம்’ இருக்கிறது. ஆனால் சினிமா மூன்று மணி நேரத்தில் முடிந்து போவது. ஒரு கதையோடு வாரக்கணக்கில் குடித்தனம் நடத்த டிவி வர வேண்டியிருந்தது.

இந்தியாவின் முதல் நெடுந்தொடர் என்று சொல்லப்படும் ‘ஹம் லோக்’ 1984 ஜூலை 7-ல் தூர்தர்ஷனில் தொடங்கி 1985 டிசம்பர்வரை ஓடியது. நாடு முழுக்க டிவி ஒளிபரப்பு நிலையங்கள் அடுத்தடுத்துத் திறக்கப்பட்ட வருஷம் அது. தொடருக்கு வந்த ரசிகர் கடிதங்கள் நாலு லட்சத்தைத் தாண்டின என்பது கணக்கு. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் இந்தி நடிகர் அசோக்குமார் திரைக்கு வந்து, நடந்ததைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி, பார்ப்பவர்களிடம் கேள்வியும் போட்டுவிட்டுப் போவார். சிரிக்க வைக்காத கட்டியக்காரன் என்று அவரைச் சொல்லலாம். வடக்கே டிவி பார்ப்பவர்களில் 65 முதல் 90 சதவீதம் பேர் அந்தத் தொடரைப் பார்த்தார்கள்; தெற்கின் பெரிய நகரங்களில் 20 முதல் 45 சதவீதம்தான். நகரத்திலேயே அந்த நிலை என்றால், இந்தியும் தெரியாத, வீட்டுக்கு வீடு டிவியும் வராத கிராமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ அந்த மொழிச்சுவரைத் தாண்டியது. 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை 78 பகுதிகள். ஞாயிறு காலை ஒன்பதரை மணி. டிவி வைத்திருந்த வீட்டின் ஜன்னல் அன்றைக்குப் பொதுச்சொத்து. சில வீடுகளில் டிவிக்கே மாலை போட்டார்கள். வடக்கே லாரி ஓட்டிப் போய் இந்தி பழகியவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் அன்றைய உரையாசிரியர் அவர்தான். இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை, கதைதான் தெரியுமே. சில நாளிதழ்கள் அந்த வாரத்து வசனத்தைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தன.

கதை தெரிந்திருந்ததுதான் சிக்கலும்கூட. கம்பனைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ராவணன் சீதையைத் தொடக் கூடாது. பர்ணசாலை இருந்த நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போக வேண்டும். வடநாட்டுத் தொடருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இன்னொரு பக்கம், ராவணனே நாயகன் என்று சொன்ன ‘இராவண காவியம்’ பிறந்ததும் இந்தக் கொங்கு மண்ணில்தான். ஈரோட்டுப் பக்கத்து ஓலவலசில் பிறந்த புலவர் குழந்தை 1946-ல் வெளியிட்ட அந்த நூலை 1948-ல் அரசு தடை செய்தது. தடை விலக 1971 ஆயிற்று. அதே 1971-ன் ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலம், ராமர் படம் காரணமாக நாடு தழுவிய சர்ச்சையானது. பதினாறு வருஷம் கழித்து அதே வட்டாரம் ஞாயிறு காலையில் ராமனைப் பார்க்க உட்கார்ந்தது. கற்பூரம் கொளுத்தியவர், கம்பனை மேற்கோள் காட்டியவர், அரவிந்த் திரிவேதியின் ராவணனுக்காகவே பார்த்தவர் என்று ஒரே பெட்டி முன்னால் மூன்று கட்சி இருக்க முடிந்த நாட்டில், ரசிகர் கருத்து என்பது ஒற்றைக் குரலாக எப்படி இருக்கும்?

ரசிகர்கள் தொடரையே நீட்ட வைத்த சம்பவமும் அப்போதுதான் நடந்தது. பட்டாபிஷேகத்தோடு கதை முடிகிறது என்று தெரிந்ததும், பஞ்சாபின் ஜலந்தரில் வால்மீகி சமூகத்தைச் சேர்ந்த துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். லவன், குசன் கதையைக் காட்டாமல், வால்மீகியைக் காட்டாமல் அதென்ன ராமாயணம் என்பது அவர்கள் கேள்வி. குப்பை குவிந்தது. உத்தர ராமாயணம் எடுக்கப்பட்டது. இலக்கிய விமரிசனத்துக்கு இவ்வளவு விரைவில் பலன் கிடைத்ததாக வேறு உதாரணம் சொல்வது கஷ்டம்.

1988 அக்டோபர் 2-ல் பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ தொடங்கியபோது, கூத்து ஊர்க்காரர்கள் அதைப் பார்த்தது ஒரு வித்வான் இன்னொரு வித்வானின் கச்சேரியைக் கேட்பது போல. 94 பகுதிகள் அவர்களுக்குப் பெரிதல்ல. பதினெட்டு நாள் பாரதம் வைக்கிற கோயில்களைப் பார்த்தவர்கள். கர்ணனின் சாவுக்கு அவர்கள் மனசில் ஒரு முழு ராத்திரி ஒதுக்கியிருக்கிறது. டிவியோ விளம்பரம் போகக் கொஞ்ச நேரத்தில் முடித்துவிடும். அரவான் களப்பலி போல இங்கே விடிய விடிய ஆடும் கதைக்கு அங்கே இடமில்லை. திரௌபதி கூந்தலை முடியும் காட்சிக்காக மண்ணில் பிரம்மாண்டமாகத் துரியோதனனைப் படுக்கவைக்கும் படுகளம், அதைச் சுற்றி ஓடும் பீமன், அந்தப் புழுதி எல்லாம் பெட்டிக்குள் வராது. ஆனால் அம்பும் அம்பும் ஆகாயத்தில் மோதி நெருப்புப் பறந்ததைக் கூத்தால் காட்ட முடியாது என்பதையும் அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் தொடரில் ‘நான் காலம்’ என்று ஹரீஷ் பிமானியின் குரல் பேசும். உருவமில்லாத, கேலி தெரியாத, யாரிடமும் அடிவாங்காத குரல். கட்டியக்காரனைப் பழகியவர்களுக்கு அது ரொம்பவும் பெரிய மனுஷன்.

இங்கேதான் பழக்கம் இடம் மாறியது என்று சொல்லத் தோன்றுகிறது. டிவிக்குள் கட்டியக்காரன் இல்லை. ஆகவே டிவிக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். தொண்ணூறுகளில் ‘ஜுனூன்’ இந்தித் தொடர் தமிழ் பேசி வந்தபோது இது உச்சத்துக்குப் போனது. வாயசைவுக்காக வார்த்தைகளைத் தலைகீழாகப் போட்ட அந்த வசன நடையை வீட்டில் உள்ள சின்னப் பிள்ளைகூடப் பேசிக் காட்டியது. தொடரைப் பார்த்தவர்களைவிடக் கிண்டல் செய்தவர்கள் அதிகமா என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை.

1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி தொடங்கியது. கேபிள் ஒயர் தென்னை மரத்தையும் கரண்டுக் கம்பத்தையும் பிடித்துத் தெருத்தெருவாக வந்தது. ‘விடாது கருப்பு’ அந்த ஒயர் வழியாக வந்தபோது, ராமாயணத்துக்கும் பாரதத்துக்கும் இல்லாத ஒன்று அதற்கு இருந்தது: முடிவு யாருக்கும் தெரியாது. கூத்தில் பயிற்சி பெற்ற ரசிகருக்கு இது புதுப் பரீட்சை. எப்படி நடித்தார்கள் என்பதோடு, யார் செய்தது என்றும் சொல்லியாக வேண்டும்.

கதையின் பிடி எங்கே இருந்தது என்றால், குற்றவாளியைத் தேடும் துப்பறியும் கதையை அது குலசாமி கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்தது. ஒரு கிராமம், தப்புச் செய்கிறவர்களுக்கு ஒவ்வொருவராகத் தண்டனை, குளம்புச் சத்தம். ராஜேந்திரன் என்ற சிறுவனின் காலம் ஒரு பக்கம், அவன் வளர்ந்த பிறகான காலம் இன்னொரு பக்கம் என்று கதை முன்னும் பின்னும் போய்வந்தது. கவனம் தப்பினால் கோட்டை விட்டுவிடுவோம் என்பதால், ஒரு வாரம் விட்டவர் மறுவாரத்துக்குள் யாரையாவது பிடித்துக் கதை கேட்டாக வேண்டும். சேத்தனும் தேவதர்ஷினியும் நடித்தார்கள். பிறகு நிஜத்திலும் தம்பதியானார்கள். வயதானவராக சி.டி. ராஜகாந்தம் வந்தார். 1941-ல் வந்த ‘சபாபதி’யில் காளி என். ரத்தினத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்த அதே ராஜகாந்தம்தான். அரை நூற்றாண்டு கழித்து ஒரு புதுத் தலைமுறைக்கு அவர் முகம் இப்படி அறிமுகமானது.

சமவெளிக்காரர்கள் இந்தக் கருப்பைக் கொஞ்சம் உரசிப் பார்த்துத்தான் ஏற்க வேண்டியிருந்தது. தொடரின் வாசனை தெற்கத்தி வாசனை. இங்கே அவர் கருப்பனார். சேலத்துப் பக்கம் முனியப்பனுக்குப் பங்கு அதிகம், சேலம் நகரத்திலேயே வெண்ணங்கொடி முனியப்பன் இருக்கிறார். அருவா, மண்குதிரை, கிடாவெட்டு, சுருட்டு எல்லாம் பொது. எல்லைக்காவலுக்கு நின்ற சாமி கேட்காமல் வேறு யார் கேட்பது என்பது ஒரு கட்சி. சாமி கேட்பதென்றால் நோய் கொடுக்கும், கனவில் வரும், ஆளை வைத்துப் பூட்டின அறைக்குள் வேலை பார்க்காது, இது மனுஷ வேலைதான் என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி நாத்திகக் கட்சி அல்ல என்பது கவனிக்கத் தகுந்தது. சாமியின் நடைமுறை தெரிந்தவர்களின் கட்சி அது.

முடிவில், ஒரே உடம்புக்குள் இரண்டு மனம் என்ற மனநோய் விளக்கத்தைத் தொடர் முன்வைத்தது. ‘சந்திரமுகி’யும் ‘அந்நிய’னும் 2005-ல் வந்து அந்த விஷயத்தை நாடறியச் செய்வதற்குப் பல வருஷம் முன்பு. அந்த மனம் யாருடையது என்பதை இங்கே சொல்லாமல் விடுவது, இனிமேல் பார்க்கப்போகிறவர்களுக்குச் செய்யும் மரியாதை. டாக்டர் விளக்கத்தைக் கொடுத்தாலும் கோயிலை இழுத்து மூடாமல் விட்டது தொடரின் சாமர்த்தியம். இரண்டு கட்சிக்காரர்களும் நாங்கள்தான் ஜெயித்தோம் என்று சொல்லிக்கொள்ள அதில் இடம் இருந்தது. இரண்டு கட்சியிலும் கொஞ்சப் பேருக்கு ஏமாற்றமும் இருந்திருக்கும்; இவ்வளவு குதிரை ஓட்டி வந்து கடைசியில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டால் யாருக்குத்தான் இருக்காது?

இதற்கு முப்பது வருஷம் முன்பே பிரிட்டனில் இதே மாதிரி ஒரு வழக்கு நடந்தது. பாட்ரிக் மெக்கூகன் நடித்த ‘தி பிரிஸனர்’ 1967-68-ல் ஐ.டி.வி.யில் 17 பகுதிகள் வந்தது. பெயர் பிடுங்கப்பட்டு ‘எண் 6’ ஆக ஒரு விசித்திரமான கிராமத்தில் அடைபட்ட ஒற்றன், தன்னை அடைத்துவைத்த ‘எண் 1’ யார் என்று தேடுகிறான். அந்தக் கிராமமாகப் படமெடுக்கப்பட்டது வேல்ஸிலுள்ள போர்ட்மேரியன். 1968 பிப்ரவரியில் கடைசிப் பகுதி வந்தது. எண் 1-ன் முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு குரங்கு முகமூடி. அதையும் கழற்றினால் நாயகனின் சொந்த முகம். விடை வேண்டும் என்று வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். தொலைக்காட்சி நிலையத்துக்குப் போன் மேல் போன். தலைமறைவாக இருக்க வேண்டியதாயிற்று என்று மெக்கூகனே பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். அதே கடைசிப் பகுதியைக் காலப்போக்கில் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1977-ல் ரசிகர் சங்கம் அமைந்தது. போர்ட்மேரியனிலேயே கூட்டம் போட்டு, அந்த ஒரு பகுதிக்கு என்ன அர்த்தம் என்று வருஷக்கணக்கில் விவாதித்தார்கள்.

அதே 1967-ல் பி.பி.சி. எடுத்த ‘தி ஃபோர்சைட் சாகா’ இன்னும் குடும்பப் பாங்கான சண்டையைக் கிளப்பியது. ஜான் கால்ஸ்வொர்தியின் நாவல்களிலிருந்து 26 பகுதிகள். சோம்ஸ் தன் மனைவி ஐரீனைப் பலவந்தப்படுத்தும் பகுதி வந்ததும், தப்பு யார் மேல் என்று வீடுகளுக்குள் பிரிவு உண்டாயிற்று. மறு ஒளிபரப்பின் கடைசிப் பகுதியை 1969-ல் சுமார் 1.8 கோடிப் பேர் பார்த்தார்கள். ஞாயிறு மாலை ஆராதனை நேரத்தைச் சில சர்ச்சுகள் மாற்றிக்கொண்டன. ஞாயிறு காலை ராமாயணத்துக்காகக் கல்யாண முகூர்த்தத்தை முன்பின்னாகப் பார்த்துக்கொண்ட நாட்டுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இரண்டு நாட்டிலும் இந்த விவாதங்களுக்கு உயிர் கொடுத்தது ஏழு நாள் இடைவெளி. 1999 டிசம்பர் 20-ல் ராதிகாவின் ‘சித்தி’ வந்தபோது தமிழ்நாட்டில் அந்த இடைவெளி போய்விட்டது. வாரத்தில் ஐந்து நாள் கதை வந்தால் ஒரு பகுதியை அசைபோட ஒரு பகல்தான் மிச்சம். ‘நேத்து என்ன ஆச்சு’ என்பதே முழுப் பேச்சாகி, நன்றாக எடுத்தார்களா என்ற பேச்சு சுருங்கியது. ‘மெட்டி ஒலி’, ‘அண்ணாமலை’, ‘கோலங்கள்’ என்று அடுத்தடுத்து வந்தன. 2003-ல் தொடங்கிய ‘கோலங்கள்’ 2009-ல் முடியும்போது 1,533 பகுதிகள் ஆகியிருந்தன. திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசத்துக்கோ ராஜஸ்தானுக்கோ போர் போடப் போய் மாதக்கணக்கில் கழித்துத் திரும்புகிறவர், கதையில் பெரிதாக எதையும் தவறவிட்டிருக்க மாட்டார்.

இதைக் கேலியாக மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயமாகாது. கூத்தில் அன்பளிப்புக் குத்தியதும் மைக்கில் பேர் வாங்கியதும் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்கள் சொன்ன தீர்ப்பு மைக்குக்கு வந்ததில்லை. நெடுந்தொடர் வந்த பிறகு விசாரணைக் கூண்டுக்கு முன்னால் அவர்கள் உட்கார்ந்தார்கள். ‘மெட்டி ஒலி’யில் டெல்லி குமார் நடித்த அப்பாவுக்கு ஐந்து மகள்கள், கட்டிக்கொடுத்த வீடுகளில் அவர்கள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு மாமியாரைத் திட்டுகிறவர்களில் மாமியார்களும் இருந்தார்கள். நூல் சுற்றிக்கொண்டே, பூ கட்டிக்கொண்டே நடந்த இந்த விசாரணைகளில் சீர்வரிசையும் பங்காளிச் சண்டையும் பக்கத்து வீட்டு விஷயமாக அல்லாமல் டிவி விஷயமாகப் பேச முடிந்தது. நேராகச் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு கதாபாத்திரம் குறுக்கே நின்றது. கட்டியக்காரன் ராஜாவிடம் செய்த வேலைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு டிவியைக் கொண்டுபோனது. ஜன்னலில் எட்டிப் பார்த்த காலம் முடிந்தது. அதோடு சேர்ந்து பார்க்கும் கூட்டமும் கலைந்தது. ஒரு விசித்திரம், 2012-ன் மின்வெட்டு அதைக் கொஞ்ச நாள் திருப்பிக் கொடுத்தது. சென்னைக்கு வெளியே நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் கரண்டு போன நாட்கள் அவை. தறி நின்றது, டிவியும் நின்றது. எந்தத் தெருவில் கரண்டு இருந்ததோ அந்தத் தெருக்காரர் மறுநாள் கதை சொன்னார்.

2020-ன் பொதுமுடக்கத்தில் தூர்தர்ஷன் மார்ச் 28 முதல் ‘ராமாயண்’ தொடரை மறுபடி போட்டது. ஏப்ரல் 16-ஆம் தேதிப் பகுதியை மட்டும் 7.7 கோடிப் பேர் பார்த்ததாக அறிவித்தது. யூடியூபில் ஏற்றப்பட்ட ‘விடாது கருப்பு’க்கும் புது ரசிகர்கள் கிடைத்தார்கள், இவர்கள் ஏழு நாள் காத்திருக்கவில்லை, ஒரே மூச்சில் பார்த்துவிட்டு ஒரே ராத்திரியில் தீர்ப்பெழுதினார்கள். இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் காலமானபோது, அஞ்சலி எழுதியவர்களில் பெரும்பாலோர் அவருடைய நூற்றுக்கணக்கான கதைகளில் முதலில் நினைவுகூர்ந்தது கருப்பைத்தான்.

பொதுமுடக்கத்தில் கூத்துக்காரர்களுக்கு மறு ஒளிபரப்பு கிடையாது. நோம்பிகள் நின்றதால் ஒரு பருவத்து வருமானம் முழுசாகப் போயிற்று. இப்போது நோம்பிகள் திரும்ப நடக்கின்றன. மேட்டூர் பக்கத்து ஏர்வாடியிலிருந்து ‘மணல்வீடு’ இதழ் நடத்தும் எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன், களரி அமைப்பின் மூலம் கூத்துக்கும் பாவைக்கூத்துக்கும் விழாக்கள் எடுத்து, கலைஞர்களை மேடையேற்றி வருகிறார். ஊர்க் கமிட்டிகளுக்கு இன்று உள்ள தலைவலி வேறு: இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. பத்து மணி என்பது கூத்தில் இன்னும் அரிதாரம் பூசி முடிக்காத நேரம். ராத்திரி முழுக்க நடத்துவதா, சாயங்காலமே ஆரம்பித்துக் கர்ணனைச் சாமத்துக்குள் சாகடித்துவிடுவதா என்று கமிட்டி கூடிப் பேசுகிறது. அதற்கும் ஆளுக்கொரு கருத்து உண்டு.